ஒரு பல்லுக்கு நாற்பது

மகளுக்கு முதல் பல் முளைத்தபோது, சடங்காகக் குழந்தையின் தலையில் கொட்டும் பல்லுக்கொழுக்கட்டையை நானே அவிப்பேன் என்று வாயைக் கொடுத்துவிட்டேன். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. டோர்செட் பார்க்கில் ஒன்பதாவது மாடியில் இருந்தோம். மனைவியின் பெரியம்மா பக்கத்து நகரமான மார்க்கத்திலிருந்து வருவதாக இருந்தது. கல்யாணப் பேச்சின்போதே, "பெடியனுக்குச் சுடுதண்ணி வைக்கவாவது தெரியுமோ?" என்று கேட்ட மனுசி. அவர் வாயை அடைக்க எனக்குக் கிடைத்த ஒரே சந்தர்ப்பம் அந்த ஒற்றைப் பல்தான்.

கொதிதண்ணீரில் குழைக்க வேண்டிய அரிசிமாவைக் குழாய்த் தண்ணீரில் குழைத்துவிட்டேன். ஸ்டீமரைத் திறந்தால், எல்லாக் கொழுக்கட்டைகளும் வாயைப் பிளந்து பயறையும் சர்க்கரையையும் கக்கிக் கிடந்தன. குழந்தையைத் துடைத்துக்கொண்டிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள்.

"நான் ஒண்டையும் பாக்கேல்லை," என்றாள். "பெரியம்மா வர இன்னும் ஒரு மணித்தியாலம் கிடக்கு."

எதிர் வீட்டில் ஓர் உக்ரேன்கார அம்மா தனியாக இருந்தார். ஞாயிறுதோறும் வரெனிக்கி செய்வார்; அன்றும் ஞாயிறு. கடைகளில் பெரோகி என்று விற்பார்களே, அதுதான். மாவுக்குள் கிழங்கு வைத்து, அரைவட்டமாக மடித்து, ஓரத்தைக் கிள்ளி அவிப்பது. பார்வைக்குக் கொழுக்கட்டையேதான். கதவைத் தட்டி, குழந்தைக்குப் பல் வந்துவிட்டது, நாற்பது தர முடியுமா என்று கேட்டேன்.

"ஒரு பல்லுக்கு நாற்பதா?" என்றார். ஆனாலும் முகம் மலர்ந்து ஒரு தட்டு நிறையத் தந்தார். மேலே வெண்ணெயும் வதக்கிய வெங்காயமும் வழிந்தன.

வெங்காயத்தோடு குழந்தையின் தலையில் எப்படிக் கொட்டுவது? எல்லாவற்றையும் குழாயடியில் பிடித்துக் கழுவினேன். ஒவ்வொன்றிலும் பல்லுக்கு அடையாளமாக, சின்னதாகக் கீறிய தேங்காய்ச் சொட்டுகளைக் குத்தினேன்.

வெள்ளைத் துணி விரித்து மகளை இருத்தினோம். பெரியம்மா ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உந்த ஓரம் நீரோ கிள்ளினது?"

"ஓம் மாமி."

"என்ரை கையாலையும் உப்பிடி வராது."

சந்தோசத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. பெரியம்மா பாத்திரத்தை மகளின் தலைக்கு மேலே பிடித்துக் கவிழ்த்தார். மிச்ச வெண்ணெயில் வழுக்கிக்கொண்டு அவை மூக்கிலும் மடியிலும் விழுந்தன. மகள் ஒன்றைப் பிடித்துச் சூப்பத் தொடங்கினாள்.

அப்போதுதான் திறந்திருந்த கதவில் அந்த அம்மாவைக் கண்டேன். தர மறந்துபோன புளித்த கிறீமைக் கிண்ணத்தில் கொண்டு வந்திருந்தார். காலை முழுக்க நின்று கிள்ளியதெல்லாம் என் மகளின் தலையிலிருந்து உருண்டோடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பெரியம்மாவுக்குப் பயந்தது போய், இந்த அம்மாவை நினைத்து எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவர் மெல்ல உள்ளே வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார், குழந்தையின் தலையைப் பார்த்தார்.

"இதையும் தலையில்தான் ஊற்றுவதா?" என்று மரியாதையோடு கேட்டார்.

பெரியம்மாவுக்கு அவ்வளவு ஆங்கிலம் விளங்கும். என்னைப் பார்த்தார், கொழுக்கட்டையின் ஓரத்தைப் பார்த்தார், அந்த அம்மாவின் விரல்களில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்தார். பிறகு கிண்ணத்தை வாங்கி, ஒன்றைத் தோய்த்துச் சாப்பிட்டார். இன்னொன்றையும் தோய்த்தார். சோபாவில் நகர்ந்து அந்த அம்மாவுக்கு இடம் விட்டார்.

"அடுத்த பிள்ளையின்ரை பல்லுக்கும் இவவே செய்யட்டும்," என்றார். "தம்பி சுடுதண்ணி வைக்கட்டும்."