துண்டுக்குள் பேசிய விலை

மாட்டுத் தரகர் ஒரு காலத்தில் கிணற்றுக்காட்டு விவசாயிக்கு ஒரு பசுவின் விலையைத் தர வேண்டியிருந்தது. கையில் சல்லிக்காசு இல்லாதவரை நம்பிக் கடனுக்குக் கயிற்றைக் கொடுத்த மனிதர். அடைக்க மூன்று வருடம் பிடித்தது. ஒரு நாள்கூட வாசலில் வந்து நின்று கேட்கவில்லை.

அந்த ஒற்றைப் பசுவில் தொடங்கி மேலே வந்தவர் தரகர். எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறுவார். ஆனால் பல்லைப் பார்த்து வயதைச் சொன்னால் தாய்ப்பசுவே தலையாட்டும். இதையும் அவரே சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். அதனால் பட்டப்பெயர் ரேடியோ.

இப்போது விவசாயிக்குக் கழுத்தில் தைராய்டு கட்டி. மூச்சுக்குழாயை அமுக்குகிறது, தள்ளிப்போடாமல் எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். செலவு தொண்ணூறாயிரம். கேள்விப்பட்டதும் தரகர் டீக்கடையில் நின்று, "அண்ணன் ஆபரேஷன் என் செலவு" என்று முழங்கினார்.

சாயங்காலமே விவசாயியின் மனைவி வந்தார். "ஊரைக் கூட்டிக் குடுக்கிற காசு வேண்டாம்னுட்டார், தம்பி."

மறுவாரம் விவசாயி தன் ஒரே கறவை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவந்தார். அதை விற்றாலும் பாதிச் செலவுக்குக் காணாது. தரகர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவரிடம் போனார். எல்லாம் தன் வாயால் வந்த வினை.

அந்தச் சந்தையில் விலையை வாயால் சொல்வதில்லை. துண்டுக்கு அடியில் விரலுக்குப் பத்தாயிரம் என்று பிடிப்பார்கள். அங்கே பேசியது இருவரைத் தாண்டக் கூடாது. விவசாயி கழுத்தை மறைத்திருந்த துண்டை எடுத்துக் கைமேல் போட்டார். எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி வெளியே தெரிந்தது.

தரகர் ஐந்து விரலையும் பிடித்தார். விட்டு, மறுபடி நான்கைப் பிடித்தார்; ஆக ஒன்பது.

"இது நாலு விரல் மாடு, தம்பி." விவசாயிக்குக் குரல் கம்மியிருந்தது.

"எனக்கே மாட்டு விலை சொல்லித் தரீங்களாண்ணே?"

"தெரிஞ்சவன் தப்பாப் பிடிச்சா என்ன அர்த்தம்?"

தரகர் கையை விடவில்லை.

"நாளைக்கே டீக்கடையில சொல்லுவே."

"துண்டுக்குள்ள போனது அங்கயே கெடக்கும்ணே."

"உன் வாய்க்கு அது பெரிய பத்தியமாச்சே." விவசாயி மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மேல இருக்கிற அஞ்சு விரலும் கடன். மூணு வருஷம் எடுத்துக்குவேன். வாசல்ல வந்து நிக்கக் கூடாது."

"நிக்க மாட்டேன்."

"என்ன ரேடியோ, எவ்வளவுக்கு முடிஞ்சுது?" என்றார் பக்கத்து வியாபாரி.

"முடிஞ்சுது."

"ரேடியோ ரிப்பேர்டா" என்று அந்தப் பக்கம் சிரித்தார்கள்.

இருவரும் மாட்டின் மறுபுறம் ஒதுங்கினார்கள். விவசாயி உள்ளங்கையை விரித்தார். சந்தைக்கே கேட்கும்படி எண்ணிப் பழகிய தரகர், உதடு மட்டும் அசைய, ஒவ்வொரு நோட்டாக அதில் வைத்தார்.