என் காரைத் துடைத்த சாக்கு

அந்த விற்பனை அதிகாரியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இத்தனை வயதான பிறகு எதற்கு இன்னும் மனத்தில் வைத்துக்கொண்டு என்று என் மனைவி கேட்பாள். இடம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்பேன்.

அப்போது நான் சிங்கப்பூர் நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளன். கூண்டில் நிற்பவர் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. சாட்சி பொய் சொன்னால் அந்தப் பொய்யை அதே அளவில், அதே சூட்டோடு எடுத்துக் கொடுக்க வேண்டும். அவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். இப்படி வாரத்துக்கு ஐந்தரை நாள் அடுத்தவர் பொய்களைச் சுமந்து பழகியதில், ஒருவர் தொண்டையைச் செருமும் விதத்திலேயே வரப்போவது என்ன என்று எனக்குத் தெரிந்துவிடும். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு கார் வாங்கினேன். சிறிய பிரிட்டிஷ் கார், கரும்பச்சை நிறம். சிராங்கூன் ரோட்டிலிருந்து ஜாலான் புசார் பக்கமாகப் பிரியும் ஒரு தெருவில், கடைவீட்டின் மாடியில் நாங்கள் குடியிருந்தோம். காரைக் கீழே, கடைகளுக்கு முன்னால் மக்கள் நடக்கும் ஐந்தடிப் பாதையை ஒட்டி நிறுத்துவேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே கழுவுவேன். துடைப்பதற்கு என் மனைவி தன் பழைய வாயில் சேலையைக் கிழித்துத் தந்திருந்தாள். வேறு எந்தத் துணியும் அதன் மேல் பட நான் விட்டதில்லை. தெருவில் இருந்தவர்கள் சிரித்திருப்பார்கள். சிரிக்கட்டும்.

முதல் ஆயிரம் மைல் ஓடியதும் கொண்டுவந்து விட்டால் எண்ணெய் மாற்றி, எல்லாம் சரிபார்த்து, கழுவித் தருவோம் என்று கார் விற்ற கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். டோபி காட் பகுதியைத் தாண்டி இருந்தது அவர்களுடைய ஷோரூம். முன்னால் கண்ணாடியும் பூந்தொட்டியும், பின்னால் வொர்க்‌ஷாப். ஒரு சனிக்கிழமை காலையில் காரை விட்டுவிட்டு நீதிமன்றத்துக்குப் போனேன். மதியம் வந்து எடுத்தேன். கூரைக்கு அடியில் ஈரத்தோடு பளபளவென்று நின்றது. கையெழுத்துப் போட்டேன், நன்றி சொன்னேன், ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் நல்ல வெயில். என் மனைவி இறங்கி வந்து காரை ஒரு சுற்றுச் சுற்றினாள்.

"இது என்னங்க, யாரோ சாம்பல் போட்டுப் பாத்திரம் தேய்ச்ச மாதிரி இருக்கு?"

குனிந்து பார்த்தேன். பானெட் முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். கூரையிலும் அப்படியே. ஓட்டுநர் பக்கக் கதவில் விரல் நீளத்துக்கு ஆழமாக நாலைந்து கோடுகள். வெயிலில் சிலந்தி வலை பின்னியது போல் மின்னின.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் ஷோரூமுக்குப் போனேன். இங்கேதான் அந்த விற்பனை அதிகாரி வருகிறார். அவரும் தமிழர்தான். ஆனால் ஷோரூமின் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே ஆங்கிலம் தவிர வேறு பேசமாட்டார். கார் வாங்க வந்தபோது என் மனைவிக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவள் உட்காரும்வரை வளைந்தே நின்றவர். இப்போது கழுத்தை மட்டும் சாய்த்து, டை கசங்காமல், பானெட்டைப் பார்த்தார்.

"நீங்கள் சிராங்கூன் ரோட்டுப் பக்கம்தானே இருக்கிறீர்கள்? அங்கே மாடு திரியும்" என்றார் ஆங்கிலத்தில்.

"கூரை மேலே ஏறி உரசுகிற மாட்டை நான் இன்னும் பார்க்கவில்லை" என்றேன்.

சற்று யோசித்தார். "ஆடு ஏறுமே" என்றார்.

சிரிக்காமல் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பொய் சொல்கிறவனுக்குக் கொஞ்சமாவது உழைப்பு வேண்டும். சாட்சிக் கூண்டில் கோழி திருடியவன்கூட இதைவிட அக்கறையோடு சொல்வான். இந்த மனிதரை நான் ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்கா மார்க்கெட்டில் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். ஆட்டுக்கறிக் கடையில் நின்று, எலும்பைக் குறைத்துப் போடும்படி சுத்தமான தமிழில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். ஆட்டைப் பற்றி அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

கடைசியில் மெழுகு போட்டுத் தேய்த்துத் தருகிறோம் என்றார். தேய்த்தார்கள். கீறல் மறைந்தது. நாலாம் நாள் ஒரு பெரிய மழை பெய்தது. மெழுகு கரைந்து போனதும் பழைய வட்டங்களோடு தேய்த்தவர்கள் போட்ட புது வட்டங்களும் சேர்ந்து தெரிந்தன.

"விடுங்க, ஓடுதில்ல, அது போதாதா?" என்றாள் மனைவி.

நான் விடவில்லை. கம்பெனியின் மேலாளருக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினேன். நீதிமன்றத்தில் நாள் முழுக்கக் கேட்ட ஆங்கிலம் சும்மா போகவில்லை. அதைப் படித்தால் யாருக்கும் கொஞ்சம் வியர்த்திருக்கும். ஒரு வாரத்தில் வரச் சொல்லிப் பதில் வந்தது.

மேலாளர் வெள்ளைக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், அலுத்துப்போன மனிதர். விற்பனை அதிகாரி பக்கத்தில் நின்றார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, காரைக் கழுவிய ஆளைக் கூப்பிடுங்கள் என்றார் மேலாளர்.

வந்தவருக்கு நாற்பது வயது இருக்கும். காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை ஈரம். தரையில் விரித்திருந்த கம்பளத்தை மிதிக்காமல் அதன் ஓரத்திலேயே நின்றுகொண்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. மேலாளர் விற்பனை அதிகாரியிடம் தலையசைத்தார். கண்ணாடிக் கதவுக்கு உள்ளே முதல் தடவையாக அவர் வாயிலிருந்து தமிழ் வந்தது.

"இந்த சாரோட காரை நீதானே கழுவுன? கீறல் எல்லாம் முன்னாடியே இருந்துச்சுதானே? சொல்லு லா."

அந்த மனிதர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்.

"இல்லீங்க. கண்ணாடி மாதிரி வந்துச்சு. காரு துடைக்கன்னு இருந்த மெத்துத் தோலு கிழிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சு. உங்ககிட்டதான் கேட்டோம். இருக்கிறத வச்சுத் துடைங்கன்னு சொன்னீங்க. வொர்க்‌ஷாப்புல தரை துடைக்கிற சாக்குதான் இருந்துச்சு. அலசிட்டுத்தான் துடைச்சேன். இரும்புத்தூளு அலசினாப் போகுமா?"

விற்பனை அதிகாரி மேலாளர் பக்கம் திரும்பினார். முகத்தில் ஒரு தசை அசையவில்லை.

"கீறல்கள் ஏற்கெனவே இருந்தன என்கிறார். தான் மிகவும் கவனமாகத் துடைத்ததாகச் சொல்கிறார்."

எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறேன். அவையெல்லாம் பேசியவர்களுடைய சொந்தப் பொய்கள். ஒருவர் வாயிலிருந்து வந்த உண்மையை, அவர் எதிரிலேயே, அவர் நிற்கும்போதே, வேறொரு மொழியில் பொய்யாக்கியதை அன்றுதான் பார்த்தேன். என் தொழிலில் இதைச் செய்தால் அதற்குப் பிறகு மனிதன் தெருவில் தலைகாட்ட முடியாது. இந்த அதிகாரியோ சட்டைக் கையைச் சரிசெய்துகொண்டார்.

நான் எழுந்து நின்றேன். நிற்காமல் எனக்கு மொழிபெயர்க்க வராது. அந்த மனிதர் சொன்னதை முதல் வார்த்தையிலிருந்து ஆங்கிலத்தில் சொன்னேன். 'அவர்' என்று சொல்லவில்லை, 'நான்' என்றே சொன்னேன். கண்ணாடி மாதிரி வந்த கார், கிழிந்த தோல், 'உங்ககிட்டதான் கேட்டோம்', தரைச் சாக்கு, இரும்புத்தூள், ஒன்றையும் விடவில்லை. கடைசியில் இருந்த கேள்வியையும் கேள்வியாகவே கேட்டேன்.

மேலாளர் விற்பனை அதிகாரியை நிமிர்ந்து பார்த்தார்.

"இவர் பேசுவது ஒரு மாதிரி நாட்டுப்புறத் தமிழ், சார். எனக்குச் சரியாகப் பிடிபடுவதில்லை" என்றார் அதிகாரி.

கறிக்கடைக்காரரின் தமிழ் பிடிபட்டவருக்கு இது பிடிபடவில்லையாம்.

கழுவிய மனிதருக்கு நடந்தது முழுக்கப் புரிந்திருக்காது. ஆனால் தான் சொன்னது மேசைக்கு அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. அவர் முகம் மாறியது. நிம்மதி என்று நினைத்துக்கொண்டேன்.

பானெட், கூரை, கதவு மூன்றுக்கும் புதிதாகப் பெயிண்ட் அடித்துத் தருவதாக மேலாளர் ஒப்புக்கொண்டார். இந்த மனிதர் மேல் தவறு இல்லை, துணி கொடுக்காதது கம்பெனி என்று நான் சொன்னேன். "அதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் மேலாளர். நான் சரி என்று கிளம்பிவிட்டேன். அந்த வாக்கியத்தை அதற்கு முன்பும் நிறையப் பேரிடம் கேட்டிருக்கிறேன். சொன்னவர்கள் எதையும் பார்த்துக்கொண்டதாக நினைவில்லை. இருந்தும் அன்றைக்குக் காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்து நடந்ததை மனைவியிடம் நடித்தே காட்டினேன். அதிகாரி சட்டைக் கையை இழுத்துவிட்டதை இரண்டு தடவை. அவள் சிரித்தாள். பிறகு கேட்டாள்.

"அந்த ஆளு கதி என்னாச்சு?"

"அவருக்கு என்ன? உண்மையைச் சொன்னாரு."

மூன்று வாரத்தில் கார் தயாரானது. விற்பனை அதிகாரியே சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதே சிரிப்பு, அதே டை. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்பக்கம் எட்டிப் பார்த்தேன். வேறொருவர் கார் கழுவிக்கொண்டிருந்தார். அவர் கையில் மஞ்சளாகப் புத்தம் புதிய தோல் ஒன்று இருந்தது.

"முன்பு இருந்தவர் எங்கே?"

"போய்விட்டார், சார்."

"தானாகவா?"

"போய்விட்டார், சார்" என்றார் மறுபடியும். அந்த ஒரு தடவை அவர் ஆங்கிலத்தில் கூட்டல் குறைச்சல் எதுவும் இல்லை.

மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒன்றும் திட்டவில்லை. போய்த் தேடிப் பாருங்கள் என்றாள். அடுத்த சில நாட்கள் சாயங்காலத்தில் வொர்க்‌ஷாப் ஆட்கள் தேநீர் குடிக்கும் கடைகளில் விசாரித்தேன். ஒரு மெக்கானிக் இடம் சொன்னார். ஜாலான் புசாரைத் தாண்டி ஒரு பஸ் கம்பெனியின் கொட்டகை. அங்கே ரப்பர் குழாயைப் பிடித்துக்கொண்டு பஸ் சக்கரங்களுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் குழாயைக் கீழே போட்டார்.

"ஐயா கோர்ட்டுல வேலை பாக்குறீங்களாமே. அன்னைக்கு எனக்குத் தெரியாது."

"நான் தப்பா ஒண்ணும் சொல்லலையே?" என்றேன். மன்னிப்புக் கேட்கப் போனவன் வாயில் இதுதான் வந்தது.

"தப்பா சொல்லலை. அப்படியே சொல்லிட்டீங்க. அதுதான் வந்த வினை."

எனக்கு விளங்கவில்லை. அவரே சொன்னார்.

"அந்த டை கட்டின கிராணி நாங்க சொல்றத எப்பவும் மாத்தித்தான் சொல்லுவாரு. அது எங்க எல்லாருக்கும் தெரியும். நீங்க தமிழாளா இருந்தீங்க. உங்க கார கெடுத்துட்டேன்னு மனசுக்குள்ள இருந்துச்சு. உங்க காதுல மட்டும் விழுந்தாப் போதும்னு சொன்னேன். தொரைக்குப் போவும்னு தெரிஞ்சா வாயத் தொறந்திருப்பேனா? மூணு புள்ளைங்க இருக்கு ஐயா."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு ஏதாவது பதில் வந்திருக்கும். கொட்டகையின் தகரக் கூரை அனல் கக்கிக்கொண்டிருந்தது. கூட்டாமல் குறைக்காமல் சொல்வதைத் தவிர இந்த உலகத்தில் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது என்பது அங்கே நின்றபோது உறைத்தது. யாருக்காகச் சொல்கிறேன் என்று அதுவரை ஒரு நாளும் யோசித்ததில்லை. அந்த அதிகாரியை நான் அற்பமாக நினைத்தது சரிதான். அன்றைக்கு என்னையும் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தேன்.

"வேற நல்ல எடத்துல வேலைக்குச் சொல்லட்டுமா? எனக்கு நாலு பேரத் தெரியும்."

"வேணாம் ஐயா. நாலு பேருகிட்டயும் நீங்க எதுவும் சொல்லாம இருந்தாப் போதும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். "இங்க பரவால்ல. இது பஸ்ஸு. கீறினாலும் யாரும் வந்து கேக்கமாட்டாங்க."

கிளம்பும்போது வெளியே வந்து என் காரைப் பார்த்தார். கையை ஈரம் போகச் சட்டையில் துடைத்துக்கொண்டு, தொடாமல், ஒரு சுற்று வந்தார். ஓட்டுநர் பக்கத்தில் நின்றார்.

"கதவு வேற பச்சையால்ல அடிச்சிருக்கான்?"

"இல்லையே, ஒண்ணாத்தானே இருக்கு."

"இல்ல ஐயா. இது ஒரு புடி மஞ்சள் கூட. வெயில்ல வச்சுப் பாருங்க."

மறுநாள் காலை வெயிலில் வைத்துப் பார்த்தேன். கதவு வேறு பச்சை. இத்தனை நாளும் அதைத் திறந்து ஏறி இறங்கியிருக்கிறேன். மாடி ஜன்னலில் நின்ற மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"அது வந்த அன்னைக்கே பாத்தேனே" என்றாள்.

"ஏன் சொல்லலை?"

"சொல்லியிருந்தா மறுபடியும் அங்க போய் நின்னிருப்பீங்க. இப்ப அங்க புதுசா ஒரு ஆளு கழுவுறாருன்னு சொன்னீங்கல்ல."

ஜன்னலை விட்டு உள்ளே போய்விட்டாள். நான் காரைக் கழுவத் தொடங்கினேன்.