என் வண்டியில் ஏறிய கொழும்புச் சொத்து

ஜட்கா ஓட்டுகிறவனுக்குக் கண் குதிரை மேல், காது பின்னால் உட்கார்ந்திருப்பவர்கள் மேல். தென்காசி ஸ்டேஷனுக்கும் குற்றாலத்துக்கும் நடுவே என் வண்டியில் குலுங்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கியவர்கள் உங்களிலும் இருப்பார்கள். உங்களுக்கு இடுப்பு வலி. கேட்டதையெல்லாம் வெளியே சொல்லாமல் வைத்திருக்கிற வலி எனக்கு. ஒரு வீட்டுக் கதையை மட்டும் இப்போது சொல்லிவிடுகிறேன்.

முதல் சவாரி

எங்கள் தெரு சண்முகம் அண்ணாச்சி மண்டியில் நெல் அளக்கிறவர். மனைவி கோமதி மதினி. ஒரே மகள் பகவதி. சாரல் காலத்தில் மூவரும் குற்றாலத்துக்கு நடந்தே போய்க் குளித்துவிட்டு, ஈரத் தலையோடு நடந்தே திரும்புவார்கள். ஒரு வருஷம் மதினியின் தாய்மாமன் கொழும்பில் காலமானார். பிள்ளை இல்லாத மனுஷர். கடை, தோப்பு எல்லாம் விற்று வந்த பணம் முழுக்க மதினிக்கு வந்து சேர்ந்தது.

அடுத்த வாரமே மூவரும் என் வண்டியில் ஏறினார்கள். அண்ணாச்சி கூச்சத்தில் ஓரமாக ஒடுங்கிக்கொண்டார். மதினியோ திரையைச் சுருட்டிக் கட்டச் சொன்னாள். தேரடி வந்ததும் பலகையைத் தட்டினாள். "தம்பி, குதிரைக்கு என்ன அவசரம்? இங்கன மெதுவாப் போகட்டும். நாலு பேரு பாக்கட்டும்."

ஸ்டேஷனில் இறங்கிய உறவு

அப்புறம் எந்த ரயில் வந்தாலும், "கோமதி வீட்டுக்கு விடுப்பா" என்று யாராவது வந்து ஏறுவார். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு சித்தப்பா, செங்கோட்டையிலிருந்து இதுவரை யாரும் பார்த்திராத ஓர் அத்தான். வந்தவர் ஒருவரும் திரும்பவில்லை. அண்ணாச்சிக்குச் சொந்த வீட்டில் காலை நீட்டிப் படுக்க இடமில்லை. மண்டிக்கும் போகக் கூடாதாம்; சொத்துக்காரி புருஷன் நெல் அளக்கிற மரக்காலைத் தூக்கினால் கௌரவம் என்னாவது?

ஒரு நாள் மத்தியானம் தனியாக வந்து ஏறினார். எங்கே என்றேன். "ஐந்தருவிக்கு விடுலே. அங்கனயும் எவனாவது மச்சான்னு கூப்பிட்டான்னா, செண்பகாதேவிக்கு மலையேறிப் போயிருதேன்."

பேசாத பயணம்

பணம் வருவதற்கு முன்பே பகவதியைக் கடையத்தில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. "வாத்தியாருக்கா கொடுக்கப் போற? பண்ணையார் வீட்டு இடமே நான் கொண்டாருதேன்" என்று சித்தப்பா ஓதிக்கொண்டே இருந்தார். மதினி மயங்கிவிட்டாள். பகவதி சாப்பாட்டை விட்டாள். மாப்பிள்ளை வீட்டார் சாரலுக்குக் குற்றாலம் வந்து தங்கியிருப்பதாகத் தெரிந்ததும், பேச்சை முறித்துவிட்டு வரலாமென்று மதினியும் அண்ணாச்சியும் கிளம்பினார்கள். மகளைத் தனியே விட்டுப் போகப் பயம், அவளையும் ஏற்றிக்கொண்டார்கள்.

பாதி வழியில் இலஞ்சி வந்ததும் அண்ணாச்சிதான் மெல்ல, "நல்ல பையன், கோமதி" என்றார். "சும்மா வாங்க. இப்ப நம்ம தகுதி வேற" என்றாள் மதினி. பகவதி வெளியே வயலைப் பார்த்தபடியே சொன்னாள்: "கொழும்புத் தாத்தா இன்னும் கொஞ்ச காலம் உசுரோட இருந்திருக்கலாம்."

வாசலில் கேட்டது

மாப்பிள்ளையின் தாயார் வாசலிலேயே நின்றிருந்தார். இவர்கள் இறங்கியதும் கையைக் கூப்பினார்.

"நாங்களே சொல்லி விடணும்னு இருந்தோம். என் மகன் சம்பளத்துல உங்க பொண்ணு இனிமே குடும்பம் நடத்த மாட்டா. இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம்."

மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. வேண்டாமென்று சொல்ல வந்தவளிடமே வேண்டாம் என்கிறார்களே!

"வேண்டாமா? என் மகளுக்கு என்ன குறைச்சல்? பழையது குடிக்க மாட்டாளா, நெல்லுக் குத்த மாட்டாளா? ஏட்டி, வாயத் தொறந்து சொல்லுட்டி!"

"எல்லாம் செய்வேன்" என்றாள் பகவதி. அவள் குரலை அன்றுதான் அவ்வளவு சத்தமாகக் கேட்டேன். அந்தத் தாயார் சிரித்துவிட்டார். ஆவணியிலேயே கல்யாணம் என்று ஒப்புக்கொள்ள வைத்த பிறகுதான் மதினி வண்டி ஏறினாள்.

அண்ணாச்சி முன்னால் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார். காற்றில் சாரல் முகத்தில் அடித்தது, அவர் துடைக்கவில்லை. "அந்த அம்மா மட்டும் சிரிச்ச முகமா உள்ள கூப்பிட்டிருந்தாங்கன்னு வையி, என் மக வாழ்க்கை போயிருக்கும்லே."

திரும்பிப் போன சித்தப்பா

கல்யாணம் முடிந்ததும் அண்ணாச்சி மரக்காலைத் தேடி மண்டிக்குப் போய்விட்டார். மதினி தடுக்கவில்லை. விருந்தாளிகளும் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கடைசியாகச் சித்தப்பாவை ஸ்டேஷனில் இறக்கினேன். பையைத் தோளில் போட்டுக்கொண்டு வருத்தமாகச் சொன்னார்: "இவ்வளவு பணம் வந்தும் இந்தக் குடும்பம் மாறவே இல்லயே!"

திடீர்ப் பணம் வந்த குடும்பங்கள் எத்தனையோ என் வண்டியில் ஏறியிருக்கின்றன. அடிபடாமல் வீடு வந்து சேர்ந்தது இது ஒன்றுதான், அதுவும் மதினிக்குச் சரியான நேரத்தில் வந்த கோபத்தின் புண்ணியம்.