பதினெட்டாவது புள்ளி

கலியாணசுந்தரத்தைப் பற்றி நல்லவிதமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். முடியுமா என்று தெரியவில்லை. ஆறு வருஷம் காஞ்சிபுரத்திலிருந்து மெட்ராஸுக்கு ஒரே பஸ்ஸில் போய் வந்தவர்கள் நாங்கள். அவர் பிள்ளையார்பாளையம், நான் சின்ன காஞ்சிபுரம். அவருக்கு ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் வேலை. எனக்கு அதே கட்டடத்தில் ஆவண அறை குமாஸ்தா வேலை. எறும்புக்கும் தீங்கு நினைக்காத மனுஷர். அப்படிப்பட்டவர் செய்கிற தப்புக்கு யார் மேல் கோபப்படுவது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

தறி வீட்டில் பிறந்தவர். அப்பா வேலாயுதம் பட்டு நெய்தார், அண்ணன்மார் நெய்தார்கள். இவர் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்து, டைப்ரைட்டிங் படித்து, எழுபத்திரண்டில் இந்த வேலைக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அந்தக் குளிரூட்டிய அறையே அவருக்குக் கோயில். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் போவார். தூசு வரக்கூடாது என்பது நிலையத்தின் விதி. ஆனால் இவர் விதிக்காகக் கழற்றினார் என்று எனக்குத் தோன்றவில்லை.

எழுபத்தேழில் அந்தக் கம்ப்யூட்டருக்கு ஒரு துணை அட்டை வந்தது. ஒரு முழ நீளப் பலகை, அதில் வரிசை வரிசையாகச் சில்லுகள். பெரிய பெருக்கல் கணக்குகளை எல்லாம் பெரிய மெஷின் தானே போடாமல் இந்த அட்டையிடம் தள்ளிவிடும். அட்டை போட்டு முடித்ததும் விடையை எடுத்துக்கொள்ளும். எனக்கு இதெல்லாம் புரியாது. ஒருநாள் வாலாஜாபாத் தாண்டும்போது அவர்தான் புரியவைத்தார்.

“கோர்வைச் சேலை பார்த்துக்கிறீங்க இல்ல? சேலை உடம்புக்கு ஒருத்தர் நாடாவுல இழை போடுவாரு, கரைக்குப் பக்கத்துல ஒருத்தர் குந்திக்கினு போடுவாரு. அவரு போட்டாரான்னு பார்த்துட்டுத்தான் இவரு அடுத்த இழைக்குப் போவாரு. அதேதான் சார் இது.”

அட்டையைக் கண்காணிப்பதும் அவர் வேலை. சிஸ்டத்தில் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள், ஏ.பி. சைபர் என்று. பிரிண்டரைக் கூப்பிடுகிற மாதிரியே அதையும் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். டைப்ரைட்டர் போன்ற கன்சோலில் அந்தப் பெயரை அடித்து ‘எப்படி இருக்கிறாய்’ என்று கேட்டால் ஓர் எண் வரும். சைபர் என்றால் சும்மா இருக்கிறது. ஒன்று என்றால் கணக்குப் போடுகிறது. நான்கு என்றால் கோளாறு, நின்றுவிட்டது. நான்கு வந்தால் ஓடுகிற கணக்கை நிறுத்து, குறிப்பேட்டில் எழுது, என்ஜினீயரைக் கூப்பிடு என்று இங்கிலீஷில் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அந்தத் தாளை அவர் படிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒட்டியதே அவர்தான்.

ஆனால் கோடை வந்து, குளிரூட்டியையும் மீறி அறை சூடாகும்போதெல்லாம் நான்கு வர ஆரம்பித்தது. முதல் தடவை என்ஜினீயரைக் கூப்பிட்டார். அரை நாள் வேலை கெட்டது. இரண்டாம் தடவை, அட்டையை மறுபடி துவக்குகிற கட்டளை ஒன்று இருக்கிறதே என்று அதை அடித்துப் பார்த்தார். எண் சைபருக்கு வந்தது. கணக்கு தானாகவே மேலே ஓடியது. அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை.

இதைப் பிள்ளையார்பாளையத்துத் தறி வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர வேறு யாரும் செய்திருக்க மாட்டார்கள் என்பது என் எண்ணம். மற்ற ஆபரேட்டர்கள் சோம்பேறிகள். நான்கு வந்தால் நிம்மதியாக டீ குடிக்கப் போவார்கள். இவர் வீட்டில் தறிப் பாவில் ஓர் இழை அறுந்தால் யாரும் ஊரைக் கூட்டுவதில்லை. அறுந்த நுனியைத் தேடிப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டு, அடுத்த இழைக்குப் போவார்கள். அறுந்ததைப் பெரிதாகச் சொல்கிறவன் கைவேலை தெரியாதவன் என்று அங்கே பெயர். கலியாணசுந்தரம் கம்ப்யூட்டருக்கும் முடிச்சுப் போட்டார். குறிப்பேட்டில் ஆறு மாதத்துக்கு ஒரு கோளாறுகூட இல்லாததைப் பார்த்து, “உங்க கை ராசியான கை” என்று மெச்சியவன் நான். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் என் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

எழுபத்தெட்டு ஆனி மாதம் நிலத்தடி நீர்க் கணக்கு ஒன்று வந்தது. செவிலிமேட்டுக்கு அப்பால், ஆற்றை விட்டுத் தள்ளியிருக்கிற மேட்டு நிலங்களில் பூமிக்குள் மின்சாரம் விட்டு அளந்திருந்தார்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு புள்ளி எண். எந்தப் புள்ளியில் எத்தனை அடியில் தண்ணீர் இருக்கும் என்று கணக்குச் சொல்ல வேண்டும். அதில் பதினேழும் பதினெட்டும் துரைக்கண்ணுவின் நிலம். பதினேழு கிழக்கு மூலை, பதினெட்டு மேற்கு மூலை.

துரைக்கண்ணு இவருடைய பள்ளிக்கூடத் தோழன். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மூன்று ஏக்கர் வானம் பார்த்த பூமி, இரண்டு வருஷமாகக் கேழ்வரகுகூடச் சரியாக வரவில்லை. ஒரு கிணறு வந்தால் பிழைப்பேன், இல்லையென்றால் பெங்களூருக்குக் கல் உடைக்கப் போவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவர். பட்டியலில் அவர் பெயரைப் பார்த்த அன்று கலியாணசுந்தரம் பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

கணக்கு ஓடி முடிந்தது. இரண்டு மூலையிலும் அறுபத்திரண்டு அடியில் நல்ல தண்ணீர் என்று அச்சாகி வந்தது. கணக்குக் கேட்ட இலாகாவுக்கு அறிக்கை போய்ச் சேருவதற்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்த் தோழனிடம் சொல்லிவிட்டார். துரைக்கண்ணுவின் மனைவி பொன்னியம்மாள் அன்றைக்குக் கோழி அடித்துச் சோறு போட்டாராம்.

கிணறு வெட்டக் காசு வேண்டுமே. “ரெண்டு மூலையிலயும் தண்ணி இருக்குதுன்னா ஒண்ண வித்துட்டு ஒண்ண வெட்டுனா போதாதாடா?” என்று துரைக்கண்ணு கேட்டார். இவரும் யோசித்துச் சொல்லியிருக்கிறார். மேற்கு மூலைக்குப் பக்கத்தில் கரண்டுக் கம்பம் இருக்கிறது, மோட்டார் வைக்கத் தோது, அதை வைத்துக்கொண்டு கிழக்கைக் கொடுத்துவிடு என்று. கிழக்கு மூலையைப் பக்கத்து நிலத்துக்காரர் வாங்கிக்கொண்டார். தை பிறந்ததும் மேற்கில் கடப்பாறை விழுந்தது.

அறுபத்திரண்டு அடியில் பாறை. எழுபதில் பாறை. வெடி வைத்தார்கள். மாசி போய்ப் பங்குனி வந்தது. எண்பத்தைந்தாம் அடியிலும் காய்ந்த கல்தான். கூலியாட்கள் நின்றுவிட்டார்கள். துரைக்கண்ணு தானே இறங்கித் தோண்ட, பொன்னியம்மாளும் கொழுந்தன் மனைவியும் மேலே நின்று கூடையை இழுத்தார்கள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் பஸ்ஸில் ஏறியதும் கலியாணசுந்தரம், “கொஞ்சம் ஆழம் முன்னபின்ன இருக்கும் சார், மெஷின் கணக்கு தப்பாவாது” என்பார். நான் கேட்காமலேயே சொல்வார்.

பங்குனிக் கடைசியில் அட்டையைச் சுத்தம் செய்து பரிசோதிக்க ராஜவேலு என்கிற என்ஜினீயர் வந்தார். அது எத்தனை தடவை நின்றது என்று கேட்டார். நான் அப்போது வாசலில் ஒரு கையெழுத்துக்காக நின்றிருந்தேன்.

“அப்பப்போ நிக்கும் சார். நான் திரும்ப ஓட வெச்சிடுவேன்” என்றார் இவர், பெருமையாகவே.

“ஓட வெச்சுட்டு, நின்னுபோன அந்தக் கணக்கைத் திரும்பப் போட்டீங்களா?”

“அதான் தானா மேல போகுதே சார்.”

ராஜவேலு கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். திட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். துவக்கக் கட்டளை கொடுத்தால் அட்டை தன்னைத் ‘தயார்’ என்று காட்டும். அதன் நினைவில் இருப்பதோ முந்தின கணக்கின் விடை. தயார் என்றதும், வேலை முடிந்துவிட்டது என்று நம்பி, பெரிய மெஷின் அந்தப் பழைய விடையையே எடுத்துப் புதிய கணக்குக்கு எதிரே எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விடும். அதனால்தான் நிறுத்தச் சொல்லிச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

கலியாணசுந்தரம் என்னோடு ஆவண அறைக்கு வந்தார். நிலத்தடி நீர்த் தாளைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். விரலை வைத்துக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். நானும் எட்டிப் பார்த்தேன். பதினேழு: 62.37. பதினெட்டு: 62.37. பாறையின் கனம், மண்ணின் கனம், அந்த வரிசையில் இருந்த ஒன்பது எண்களும் கடைசித் தசமம்வரை ஒன்றே. எந்த இரண்டு மூலை அப்படி அச்சடித்த மாதிரி இருக்கும்? படிக்காதவனுக்கும் கண்ணில் குத்தும். எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் குத்தவில்லை, ஏனென்றால் அந்த எண் எங்களுக்குப் பிடித்திருந்தது.

மேலதிகாரியிடம் அவரே போய்ச் சொன்னார். அட்டையைத் தொடாமல் பெரிய மெஷினை மட்டும் வைத்து எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினார்கள், மூன்று நாள் ஆயிற்று. நாற்பது புள்ளிகளில் ஒன்றே ஒன்றுதான் மாறியது. பதினேழில் அறுபத்திரண்டு அடியில் தண்ணீர். பதினெட்டில் இருநூறு அடிவரை ஒன்றுமில்லை. அவரைக் கன்சோலிலிருந்து எடுத்து, காந்த நாடாச் சுருள்கள் அடுக்குகிற அறைக்குப் போட்டார்கள். அதை அவர் ஒரு தண்டனையாகவே நினைக்கவில்லை. அவருக்கு அப்போது துரைக்கண்ணுவைத் தவிர வேறு நினைப்பே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட வரச் சொன்னார். “தனியா போனா வாய் வராது சார்” என்றார். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். கிணற்று மேட்டில் பொன்னியம்மாள் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். கையில் துணி சுற்றியிருந்தது. கீழேயிருந்து கடப்பாறைச் சத்தம் வந்துகொண்டிருந்தது.

கலியாணசுந்தரம் அவரைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. அட்டை, நான்கு, கட்டளை எல்லாம் சொன்னார். அந்த அம்மாளுக்கு அதில் எதுவும் புரிந்திருக்காது. கடைசியில் ஒன்றுதான் கேட்டார்.

“அப்ப தண்ணி எங்கண்ணே இருக்குது?”

இவர் கையைத் தூக்கிக் கிழக்கே காட்டினார். அங்கே பக்கத்து நிலத்துக்காரர் புதிதாக முள்வேலி போட்டிருந்தார். பொன்னியம்மாள் அந்த வேலியைப் பார்த்தார். அழுவார் என்று பயந்தேன், திட்டுவார் என்றும் எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எங்கள் இரண்டு பேருக்கும் நன்றாக இருந்திருக்கும்.

“அவருகிட்ட இத்த சொல்லாதண்ணே” என்றார். “இப்ப சொல்லாத. தொண்ணூறு அடி கீழ இருக்காரு. கேட்டாருன்னா ஏறி வரமாட்டாரு.”

கடப்பாறைச் சத்தம் நின்றது. எங்கள் பேச்சின் சத்தம் மட்டும் கீழே எட்டியிருக்க வேண்டும். கிணற்றுக்குள்ளிருந்து துரைக்கண்ணுவின் குரல் வந்தது.

“யாரும்மா அது, கல்யாணமா வந்துக்கீறான்? அவனாண்ட சொல்லு, இங்க ஒரு ஓரமா ஈரம் தட்டுறா மாதிரி இருக்குதுன்னு!”

பொன்னியம்மாள் இவர் முகத்தைப் பார்த்தார். துரைக்கண்ணுவின் உடம்பு வேர்வைதான் அந்த ஈரம் என்று எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கலியாணசுந்தரம் கிணற்றோரம் போய் மண்டியிட்டார், இருட்டுக்குள் தலையை நீட்டினார்.

“அப்படியா? நல்லதுபா” என்றார். “நல்லா தோண்டு.”