ஆளில்லாத தெருவில் ஓட்டு கேட்டது

போன தேர்தல் சமயம். அன்றைக்கு நீங்கள் இரண்டு பேரும் ஆண்டுத் தேர்வு எழுதப் போயிருந்தீர்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், தோளில் இருந்த பையைக்கூட இறக்காமல், "அப்பா, அவரு நெஜமாவே வந்தாராப்பா?" என்று கேட்டீர்கள். வரும் வழியில் குழாயடியில் யாரோ சிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். "ஆமா, வந்தாரு" என்றேன். அதற்குமேல் நிற்காமல் வெளியே போய்விட்டேன். உங்கள் அம்மா, மறுநாள் கணக்குப் பரீட்சை என்று உங்களை உள்ளே உட்கார வைத்துவிட்டாள். அதனால் பிறகு நடந்ததையும் நீங்கள் பார்க்கவில்லை. இப்போது நிதானமாக எழுதுகிறேன். பத்தாவதுக்குமேல் படிக்காதவன் எழுதுவது. பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கட்சிக்கு ஓட்டு கேட்டுப் போகிறவன் இந்தத் தெருவில் நான் ஒருவன்தான். அது உங்களுக்கும் தெரியும். காலையில் குட்டி யானையில், உங்கள் பாடப் புத்தகத்தில் வேர்க்கடலை என்று இருக்கிற மல்லாட்டையை மூட்டையாக ஏற்றித் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டியில் இறக்குவேன். சில நாள் விழுப்புரம் வரைக்கும் போவேன். வெயில் தாழ்ந்ததும் கை கால் கழுவிக்கொண்டு, துண்டறிக்கையை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போவேன். அந்த வண்டிக்கு ஏன் குட்டி யானை என்று பெயர் வந்தது என்று சின்னவன் கேட்டபடி இருப்பான். எனக்கும் தெரியாது. ஆனால் அதற்கு யானைப் பசி என்பது டீசல் போடும்போது தெரியும்.

எங்கள் வேட்பாளர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோரும் அவரை சார் என்றுதான் சொல்வோம். அவர் பெரிதாக எதையும் புரட்டிப் போடுவேன் என்று பேச மாட்டார். ஏரியைத் தூர் எடுக்க வேண்டும், ரோட்டோரச் சாராயக்கடையை மூட வேண்டும், கோயில் திருவிழாவும் மாதா தேரும் தடையில்லாமல் நடக்க வேண்டும், பெற்றவர்களைப் பிள்ளைகள் வைத்துக் காப்பாற்ற வேண்டும், அரசாங்கம் கடன் வாங்கி இலவசம் கொடுக்கக் கூடாது. இவ்வளவுதான் அவர் பேச்சு. வீட்டை எப்படி நடத்துகிறோமோ அப்படியே நாட்டையும் நடத்த வேண்டும் என்று நினைக்கிறவன் நான். அதனால் அந்தப் பேச்சு எனக்குப் பிடித்தது. தெருவில் எல்லோருக்கும் பிடிக்க வேண்டும் என்று இல்லை. "இலவசம் தரமாட்டேன்னு சொல்றவருக்கு ஓட்டா? நல்லா கேட்ட போ" என்று சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன்.

சிரித்துவிட்டு நகர முடியாமல் போனது உங்கள் பெரிய மாமாவிடம்தான்.

உங்கள் மாமா, எங்களுக்கு எதிராக நிற்கிற அந்தக் கட்சியில் இளவட்ட வயதிலிருந்து இருக்கிறார். அந்த மாதத்தில் அவர் தன் கட்சித் தோரணம் கட்ட ஏணியில் ஏறி, சறுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டு வாசலில் கட்டில் போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் வீடு தெருவின் கடைசியில், மாதா சிலை இருக்கிற கெபிக்குப் பக்கத்தில். வேலை முடிந்து வருகிறவர்கள் அங்கே நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். அப்படி ஒரு கூட்டத்தில் வைத்துத்தான் கேட்டார்.

"மாப்ள, உங்காளு வேன் மேல நின்னு தெரு முக்குல கைகாட்டிட்டுப் போவாரு. எங்காளும் அப்படித்தான் போவாரு. இதுல உனக்கும் எனக்கும் இன்னா வித்தியாசம்?"

அது உண்மை. எந்தக் கட்சி வேனும் நம் தெருவுக்குள் வந்ததில்லை. பெரிய ரோடு முழுக்கச் சுற்றிவிட்டு, ஊர்த்தெருவில் இறங்கி நடந்துவிட்டு, நம் காலனி முக்கில் மட்டும் மைக்கைத் திருப்பிக் கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கேட்டால், உள்ளே வேன் திரும்பாது என்பார்கள். என் குட்டி யானை திரும்புகிறது. தண்ணீர் லாரி திரும்புகிறது. ஓட்டு கேட்கிற வேன் மட்டும் திரும்பாது.

"எங்க சார் எறங்குவாரு மச்சான். கெபி வரைக்கும் நடந்து வருவாரு" என்றேன்.

"எறங்கலன்னா?"

"எறங்கலன்னா இந்தத் தெருவுல நான் இனிமே யாருக்கும் ஓட்டு கேட்டு வரமாட்டேன்."

சாரை ஒரு வார்த்தை கேட்காமல் சொன்னது அது. வீட்டுக்கு வந்ததும் உங்கள் அம்மா, "நீ பாட்டுக்குச் சொல்லிட்டு வந்துட்ட. அவரு எறங்கலன்னா நான்தான் கொழாயடியில நிக்கணும்" என்றாள்.

மறுநாள் மயிலத்தில் எங்கள் ஒன்றியச் செயலாளரைப் போய்ப் பார்த்தேன். அவரை எல்லோரும் ஒன்றியம் என்றே கூப்பிடுவோம். "எறங்கறது ஏறறதெல்லாம் நம்ம கையில இல்லப்பா, நேரம் இருந்தா பாக்கலாம்" என்றார். சுற்றுப்பயணத்தில் நம் தெரு சாயங்காலம் ஐந்து மணிக்கு என்று மட்டும் சொன்னார். அதைத் தெருவில் சொன்னேன். மல்லாட்டை ஆய்கிற பெண்கள், அன்றைக்கு வயலிலிருந்து சீக்கிரம் கரையேறிக் குளித்துவிட்டு ஆரத்தி எடுப்பதாக ஒத்துக்கொண்டார்கள். அவர்களுக்கு ஆய்ந்த அளவுக்குத்தான் கூலி. சீக்கிரம் கரையேறினால் கூலி குறையும். எனக்காகத்தான் ஒத்துக்கொண்டார்கள்.

அந்த நாள் வந்தது. காலையில் கமிட்டியில் மூட்டை இறக்கிக்கொண்டிருக்கும்போது ஒன்றியம் போன் பண்ணினார். "தலைவர் சாயங்காலம் விழுப்புரத்துக்கு வர்றாரு. எல்லாரும் அங்க இருக்கணும். கிராமத்தையெல்லாம் காலையிலயே முடிக்கறோம். கிளம்பிட்டோம், ஜல்தி வா."

பாதி மூட்டையை வண்டியில் வைத்தபடியே கமிட்டியிலிருந்து ஓட்டிக்கொண்டு வந்தேன். தெருவில் ஆளில்லை. எல்லா வீட்டிலும், நம் வீட்டிலும்கூட, பூட்டு. வயலுக்குப் போன பெண்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். கையில் மண், யாரும் எடுக்கவில்லை. கடைசியில் ஒருத்தி எடுத்தாள்.

"அஞ்சு மணின்னுதானண்ணா சொன்ன? பாதி வயல்ல உட்டுட்டு எப்படி வர்றது? வயல்காரம்மா பக்கத்துலயே நிக்கறாங்க."

"ஒரு நாலு பேராவது வாங்கம்மா."

"நாலு பேரு வந்தா மீதிப் பேரு உட்ருவாங்களா? பேஜாரு பண்ணாதண்ணா" என்று வைத்துவிட்டாள்.

அதற்குள் மைக் சத்தம் வந்துவிட்டது. வேன் முக்கில் நின்றது. சார் மேலே, குடைக்கு அடியில். முன்னால் உட்கார்ந்திருந்த ஒன்றியம் தெருவை எட்டிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் இல்ல சார். கைகாட்டிட்டுப் போயிடலாம், இன்னும் ஏழெட்டு ஊர் கெடக்குது" என்றார்.

நான் வேன் பக்கத்தில் போய் நின்றேன். "சார், எறங்கி வரணும் சார். சொல்லிட்டேன்."

"யாருகிட்டப்பா சொன்னே?"

"தெருவுல சார்."

"தெருவுலதான் ஆளே இல்லியே?"

"தெரு இருக்குதுங்களே சார்" என்றேன்.

அவர் மைக்கைப் பக்கத்தில் இருந்தவரிடம் கொடுத்துவிட்டு, வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வேனுக்குப் பின்னால் இருந்த இரும்புப் படியில் இறங்கினார். போட்டோ எடுக்கிறவர் பைக்கில் அடுத்த ஊருக்குப் போய்விட்டிருந்தார். என் கையில் போன் இருந்தது. நான் அதில் இன்னும் வயலுக்குத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். படம் எடுக்கத் தோன்றவே இல்லை.

சாரும் நானும் ஒன்றியமும் நடந்தோம். இரண்டு நாய்கள் குரைத்துக்கொண்டே கூட வந்தன. சார் பூட்டிய வீடுகளையும் கும்பிட்டுக்கொண்டே வந்தார். பழக்கமாக இருக்கும். ஒன்றியம் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கெபிக்கு முன்னால் சார் செருப்பைக் கழற்றினார். சிமெண்டுத் தரை, உச்சி வெயில் நெருங்கும் நேரம். கால் வைத்ததும் ஒரு குதி குதித்தார். அங்கேயே இன்னொரு குதி. அப்படியே கைகூப்பி நின்றார்.

"இந்தாண்ட நெழல்ல நில்லுங்க சார், வெந்துடப் போவுது" என்று கட்டிலில் இருந்து உங்கள் மாமா குரல் கொடுத்தார்.

சார் நிழலுக்கு வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "கால்ல என்ன ஆச்சு?"

"எங்க கட்சித் தோரணம் கட்டறப்ப ஏணி சறுக்கிடுச்சுங்க. நான் அந்தக் கட்சி."

"ஏணியைப் புடிக்க ஆள் வெச்சிக்கலியா?"

"வெச்சிருந்தேனே. இதோ நிக்கறாரே எம் மாப்ள, அவருதான் புடிச்சிக்கினு இருந்தாரு."

ஒன்றியம் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஏணி பழசு, அதன் கால் பிளந்து சறுக்கிவிட்டது என்றேன். எங்கள் கட்சிக்காரன் அந்தக் கட்சித் தோரணத்துக்கு ஏணி பிடிக்கலாமா என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால், மச்சானுக்குப் பிடித்தேன் என்று சொல்லியிருப்பேன்.

சார் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒன்றியம் கையில் வைத்திருந்த பாட்டிலை நீட்டினார். அதற்குள் உங்கள் மாமா பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்துவிட்டார். சார் சொம்பை வாங்கி முழுக்கக் குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "அப்போ, ஓட்டு?" என்றார்.

"தண்ணி தரேன் சார். ஓட்டு தரமாட்டேன்."

"கேக்கறது என் வேலை" என்று சிரித்துக்கொண்டே எழுந்தார்.

வேன் போனது. நான் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தேன். தெருவில் அவர் வந்ததைப் பார்த்தது ஒரே ஒரு ஆள், அவரும் அந்தக் கட்சி என்பது அப்போதுதான் உறைத்தது.

"மச்சான், பாத்தீங்கல்ல?"

"இன்னாத்த?"

"சார் எறங்கி வந்தத."

"நான் போன்ல படம் பாத்துக்கினு இருந்தேன் மாப்ள."

"வெளையாடாதீங்க மச்சான்."

"நானா வெளையாடறேன்? நான் போய் உங்காளு வந்தாருன்னு சொன்னா, எங்க கட்சிக்காரன் என்னை இன்னான்னு நெனைப்பான்? தேர்தல் முடியட்டும், சொல்றேன்."

தேர்தல் முடிந்தபிறகு சொல்லி என்ன பிரயோசனம்? எழுந்து கமிட்டிக்குப் போய் மீதி மூட்டையை இறக்கினேன்.

சாயங்காலம் பெண்கள் சொன்னபடியே சீக்கிரம் வந்துவிட்டார்கள். காலையிலேயே நடந்து முடிந்துவிட்டது என்பதை, போனில் பேசியவள்கூட நம்பவில்லை. குளித்து, தலைக்குப் பூ வைத்து, மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டோடு குழாயடியில் நின்றார்கள். நான் போய்ச் சொன்னேன்.

"வந்துட்டுப் போயிட்டாரும்மா. கெபி வரைக்கும் நடந்தாரு."

முதலில் ஒருத்தி சிரித்தாள். பிறகு எல்லோரும்.

"கனவுல வந்தாரா மாமா?"

"எங்க, போட்டோ காட்டு."

"எடுக்கலம்மா."

"எடுக்க மாட்டியே. இல்லாத ஆளை எப்படி எடுக்கறது?"

"நாங்க கூலிய உட்டுட்டு வந்து நிக்கறோம். இந்த ஆரத்திய உனக்கே சுத்திக் கொட்டிட்டுப் போறோம், குனி."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர்கள் சிரித்தார்கள். உங்கள் அம்மா குடத்தைக் குழாய்க்கு அடியில் வைத்துக்கொண்டு நின்றாள். நீங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து அந்த வழியாக வந்தது அப்போதுதான். வீட்டுக்குள் வந்து உங்களுக்கு ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட்டு, மறுபடியும் குழாயடிக்கே போனேன். ஓடி ஒளிந்ததாக இருக்கக் கூடாது. இனிமேல் இங்கே ஓட்டு கேட்டு வரமாட்டேன் என்று சொன்ன சொல்லை, எல்லோரும் இருக்கும்போதே சொல்லி முடித்துவிடலாம் என்று நினைத்தேன்.

வாயைத் திறப்பதற்குள் பின்னால் டொக், டொக் என்று சத்தம். உங்கள் மாமா நாலு கால் இரும்புத் தாங்கியைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் வந்துகொண்டிருந்தார். கட்டிலை விட்டு அவ்வளவு தூரம் அவர் வந்தது விழுந்ததற்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"இன்னாண்ணா, நீ எதுக்கு வந்த?" என்று உங்கள் அம்மா பதறினாள்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்.

"வந்தாருடி அந்த ஆளு. எறங்கித்தான் வந்தாரு. கெபிகிட்ட செருப்பக் கழட்டிட்டு, சூடு தாங்காம ரெண்டு குதி குதிச்சாரு. எங்கட்டில்ல உக்காந்து, எஞ்சொம்புல தண்ணி குடிச்சிட்டு, எங்கிட்டயே ஓட்டு கேட்டாரு. தரமாட்டேன்னுட்டேன்."

"குதிச்சாரா?" என்றாள் ஆரத்தித் தட்டு வைத்திருந்தவள்.

"ரெண்டு வாட்டி."

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை. தட்டை வீணாக்க வேண்டாம் என்று, அவள் உங்கள் மாமாவின் மாவுக்கட்டுக்கு மூன்று சுற்று சுற்றி முக்கில் கொண்டுபோய்க் கொட்டினாள். "கண்ணு பட்ட காலு, சீக்கிரம் ஆறட்டும்" என்றாள். உங்கள் அம்மா நிரம்பி வழிந்த குடத்தை அப்போதுதான் கவனித்தாள்.

ஓட்டு நாளன்று உங்கள் மாமாவைக் குட்டி யானையில் முன்சீட்டில் உட்கார வைத்து நான்தான் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனேன். யாருக்குப் போட்டார் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. அந்தத் தேர்தலில் சார் தோற்றுப்போனார். நம் தெருவிலும் எங்களுக்குப் பெரிதாக விழுந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது மறுபடியும் தேர்தல் வேலை ஆரம்பித்திருக்கிறது. போன வாரம் துண்டறிக்கையோடு தெருவில் இறங்கினேன். "எறங்கி வருவாரா?" என்று ஒருவரும் கேட்கவில்லை. "எத்தினி மணிக்குன்னு சரியா கேட்டுக்கினு வந்து சொல்லு" என்றுதான் சொன்னார்கள். கடைசி வீட்டுக்கும் போனேன். உங்கள் மாமா சைக்கிளில் கிளம்பிக்கொண்டிருந்தார். துண்டறிக்கையை வாங்கி, படிக்காமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மாப்ள, எனக்குக் காலு ஆறிப்போச்சு. பகல்ல நான் வேலைக்குப் போயிடுவேன். இந்த வாட்டி சாட்சிக்கு வேற ஆள் பாத்துக்கோ."