செருப்புக் கேட்ட கடிதம்

அந்த டப்பிங் ஸ்டுடியோவில் எல்லோரும் அவளை மாமியார் என்றுதான் கூப்பிடுவார்கள். பதினெட்டு வருடமாக சீரியல் மாமியார்களுக்குக் குரல் கொடுப்பவள். அவள் திருநங்கை என்பது அங்கே ஊரறிந்த விஷயம், ஆனால் யாரும் வாயைத் திறந்து பேசியதில்லை. அதனால்தான் ஒரு சினிமா டைரக்டர் அதையே சொல்லி அவளைத் தேடி வந்தபோது சுருக்கென்றது.

நூறு வருடத்துக்கு முன் போர்க்கால ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த ஒரு திருநங்கையின் நிஜக் கதையாம். நடித்திருப்பவர் ஒரு ஆண் ஹீரோ. குரல் மட்டும் இவளுடையது வேண்டுமாம்.

"நடிக்க எங்கள்ல ஒருத்தியும் கிடைக்கலை, பேச மட்டும் நானா?" என்று வீட்டில் அக்காவிடம் பொருமினாள். "நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டா என்னைக் காட்டித் தப்பிச்சுக்கப் பார்க்கறாங்க."

"அப்ப போகாதே."

"போகாம எப்படித் தெரிஞ்சுக்கறது?"

போனாள். திரையில் ஹீரோ அழுதுகொண்டிருந்தார். அவள் கையிலிருந்த தாளில் வசனம்: 'அக்கா, நான் பொறந்ததே தப்பு. மன்னிச்சிரு.'

ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். "இதை அந்த நர்ஸ் எப்ப சொன்னாங்க?"

"அக்காவுக்கு எழுதின லெட்டர் இருக்கு மேடம், அதை வச்சுதான்..." என்று இழுத்தார் டைரக்டர்.

"காட்டுங்க."

தயங்கி, செல்போனில் கடிதத்தின் போட்டோவைக் காட்டினார். அவள் வரிவரியாகப் படித்தாள். 'அக்கா, நான் சௌக்கியம். இங்கே என்னை சிஸ்டர் என்கிறார்கள். நின்று நின்று செருப்பு தேய்ந்துவிட்டது. ஒரு ஜோடி அனுப்பு. என் கால் பெரிது, மறந்துவிடாதே.'

"இதுல மன்னிப்பு எங்கே இருக்கு?"

"எமோஷன் வேணும்ல மேடம்?"

"அவங்களுக்கு வேண்டியது செருப்பு."

ஹீரோவின் உதட்டசைவோடு பொருந்தாதே என்று டைரக்டர் முனகினார். முதுகு தெரிகிற ஷாட் ஒன்று இருக்கிறது என்று சவுண்ட் இன்ஜினியர் எடுத்துக்கொடுத்தார். அவள் கடிதத்தைப் பேசினாள். வேறு ஆளை வைத்து அந்த மன்னிப்பைச் சேர்க்க மாட்டோம் என்று எழுதி வாங்கிக்கொண்ட பிறகுதான் கிளம்பினாள்.

அப்படியும் நம்பிக்கை வரவில்லை. படம் வந்த அன்றே அக்காவை இழுத்துக்கொண்டு தியேட்டருக்குப் போய், எழுந்துபோக வசதியாக ஓர சீட்டில் உட்கார்ந்தாள். மன்னிப்பு இல்லை. கடிதம் வந்தது, அவள் பேசியபடியே. ஆனால் அடியில் ஒரு வயலின் ஒப்பாரி வைத்தது.

"செருப்புக் கேட்டதுக்கா இவ்வளவு அழுகை?" என்று சத்தமாகவே கேட்டுவிட்டாள். முன் வரிசை திரும்பிப் பார்த்தது.

வெளியே வரும்போது அக்கா கேட்டாள்: "அடுத்த படத்துக்குக் கூப்பிட்டா போவியா?"

"முதல்ல கதையை அனுப்பச் சொல்லு. முழுசா. இந்தத் தடவை மியூசிக்கையும் நான் கேக்கணும்."