பல் டாக்டர் பெஞ்சில் உட்காருகிறவர்கள்

மனநல கிளினிக்கில் டோக்கன் கொடுப்பவளுக்கு நோயாளியைக் கண்டுபிடிப்பது சுலபம். கூட வந்தவர் எங்கே ஒளிந்திருக்கிறார் என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. ஆர்.எஸ்.புரத்தில் பன்னிரண்டு வருஷமாக அதைத்தான் செய்கிறேன். வீட்டார் ஒருவராவது உள்ளே வந்து உட்கார்ந்தால்தான் எங்கள் டாக்டர் பேச்சையே ஆரம்பிப்பார். இதைப் படிக்கிற நீங்களும் ஒரு நாள் ஒளிந்திருப்பீர்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள், நாமெல்லாம் ஒரே வரிசைதான்.

எதிர் பெஞ்சு

கவிதாவுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. யாரோ தன்னைப் பற்றியே பேசுவது காதில் கேட்கிறது என்று வேலைக்குப் போவதை நிறுத்தியிருந்தாள். பெயரைக் கூப்பிட்டதும் தனியாக எழுந்து வந்தாள். அவளுடைய அப்பா துடியலூரில் லேத் பட்டறை வைத்திருப்பவர். அவரைத் தேடிக்கொண்டு எதிரே இருந்த பல் கிளினிக்குக்குப் போனேன். பெஞ்சில் ஆள் இல்லை. உள்ளே நாற்காலியில் வாயைத் திறந்தபடி சாய்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் வாயைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தெரிஞ்சவங்க பாத்தாப் பல்லு வலின்னு சொல்லிக்கலாமுன்னு உக்காந்தனுங்க அம்மணி. உள்ள கூப்பிட்டுப்போட்டாங்க. சும்மா உக்காந்திருக்கேன்னு எப்படிங்க சொல்றது? கிளீன் பண்ணி உட்டுட்டாங்க."

கால்சியம் டப்பா

கவிதாவின் மாத்திரைகளை அவள் அம்மா அட்டையிலிருந்து பிரித்து, பழைய கால்சியம் டப்பாவில் போட்டு வைத்தார். வீட்டுக்கு வருகிறவர்கள் கண்ணில் பட்டுவிடக்கூடாதாம். பவானியிலிருந்து வந்த நாத்தனார் முட்டி வலிக்கு நல்லதென்று அதில் இரண்டை எடுத்து விழுங்கிவிட்டார். மறுநாள் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை.

பதறி அழைத்து வந்தார்கள். ஆபத்து ஒன்றுமில்லை என்றார் டாக்டர். ஆனால் இனி பவானி முழுக்கத் தெரிந்துவிடுமே என்று கவிதாவின் அம்மா என் மேஜையருகே நின்று அழுதார். அந்த நாத்தனார் மெதுவாக நடந்து வந்து, அவரைத் தாண்டி என்னிடம் குனிந்தார்.

"கட்டிக் குடுத்த நாளா நான் இப்படித் தூங்குனதே இல்லீங். எனக்கும் ஒரு டோக்கன் போடுங்க."

காபித் தட்டு

இதைச் சொல்ல எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆறேழு மாதத்தில் கவிதா நன்றாகத் தேறி, வேலைக்கும் போனாள். வரன் வந்தது. மாத்திரையால் அவளுக்கு விரல்கள் லேசாக நடுங்கும். பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் காபித் தட்டு ஆடக்கூடாது என்று, இருபது நாள் முன்பே வீட்டில் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். டாக்டரிடம் சொல்லியிருந்தால் நடுக்கத்துக்கு வேறு வழி பார்த்திருப்பார். யாரும் சொல்லவில்லை.

தட்டு ஆடவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்குப் பிடித்தும் போய்விட்டது. நிச்சயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, சாப்பாட்டில் விஷம் இருக்கிறது என்று அம்மாவின் கையைத் தட்டிவிட்டாள் கவிதா. அழைத்து வந்தபோது அவள் சாப்பிட்டு மூன்று நாள் ஆகியிருந்தது. என்னை அடையாளம் தெரியவில்லை.

நிறுத்தச் சொன்னது யார் என்று டாக்டர் கேட்டார். அவளுடைய அப்பா தலை நிமிரவில்லை. "நானும் அவங்கம்மாவும் பேசித்தானுங்க முடிவு பண்ணுனோம். எங்க மாமன் மச்சானையெல்லாங் கூடக் கேட்டோம். புள்ளையத்தானுங்க கேக்கலை."

ஹெல்மெட்காரர்

கல்யாணம் நின்றுபோனது. கவிதா மீண்டு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. இப்போது மாத்திரை அட்டை அவர்கள் வீட்டு டிவிக்குப் பக்கத்தில் எல்லோர் கண்ணிலும் படும்படி இருக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்வது அவள். விட்டுப்போனால் ஞாபகப்படுத்துவது அப்பா. ஒவ்வொரு தடவையும் எங்கள் ஹாலில், முதல் வரிசையில் அவளோடு உட்காருகிறார்.

போன வாரம் எதிர் பெஞ்சில் ஒருவர் ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி எங்கள் ஹாலில் தனியாக இருந்தார். நான் எழுவதற்குள் கவிதாவின் அப்பா போய்விட்டார். "ஏனுங்க, இங்க உக்காந்தா வெறுமனே பல்லைத்தான் தேச்சு உடுவாங்க. அக்கட்டால வாங்க, நானும் கூட இருக்கேன்." அவர் ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பின்னாலேயே வந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதைப் பார்த்துச் சிரித்த கவிதா, என் பக்கம் திரும்பி ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்: "ஏனுங்கக்கா, உங்க ஊட்டுப் பக்கம் எங்க வேலைன்னு சொல்லியிருக்கீங்க?"

பன்னிரண்டு வருஷமாக அந்தப் பெஞ்சிலிருந்து எத்தனையோ பேரை எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறேன். எங்கள் தெருவில் மட்டும் எனக்கு இன்னும் பல் கிளினிக்கில்தான் வேலை.